முன்னறையைத் திறக்க வைத்த மோர்வித்

நந்த்கோக் ஊரில் முப்பத்தெட்டு வீடுகள் நான் கட்டியவை. பன்னிரண்டு வயதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். இருந்தாலும் மலைச்சரிவில் வீட்டை எப்படித் திருப்பி வைத்தால் முன்னறைக்கு வெயில் வரும் என்பது இந்தப் பள்ளத்தாக்கில் என்னைவிட நன்றாக யாருக்கும் தெரியாது. நான் கொண்டுவந்த வெயிலை ஊர்க்காரர்கள் தடித்த திரை போட்டு மறைத்தார்கள். முன்னறை என்றால் போதகர் வந்து உட்காருவதற்கு. இல்லாவிட்டால் சவப்பெட்டி வைப்பதற்கு. மற்ற நாளெல்லாம் கதவைச் சாத்திவிட்டு, வீடே பின்னால் சமையலறையில் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கும்.

இதை மாற்றியவள் நர்ஸ் மோர்வித். நானும்தான், ஆனால் அவளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்.

கல்குவாரிக்காரர் மகள். நாற்பது வயது, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கவுன்சில் கொடுத்த சைக்கிளை மேட்டில் தள்ளிக்கொண்டு போவாள். இறக்கத்தில் இரண்டு காலையும் விரித்துக்கொண்டு வருவாள், ஆடுகள் ஒதுங்கிவிடும். வீடு வீடாகப் போய்க் குழந்தைகளை எடை போடுவாள், பால் பாத்திரத்தை முகர்ந்து பார்ப்பாள், கழிப்பறைக் கதவைக் கேட்காமலே திறப்பாள். யார் வீட்டிலும் தேநீர் வேண்டாம் என்றதில்லை. ஒரே நாளில் பதினாலு கோப்பை குடித்ததாக அவளே பெருமையடித்துக்கொண்டாள். அப்படிப்பட்டவர்களை எனக்குப் பிடிக்கும்.

1950 மார்ச்சில் தாமார் ரோசரின் மகள் எலூனெத் இருமியபோது ரத்தம் வந்தது. சுரங்கத்தில் புருஷனைப் பறிகொடுத்த தாமாருக்கு மிச்சம் அந்தப் பதினெட்டு வயதுப் பெண் ஒருத்திதான். மலைமேல் இருந்த காசநோய் ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைக்க மூன்று மாதம் ஆகும். அதுவரை அவளுக்கு வெளிச்சமும் காற்றும் தனிக் கட்டிலும் வேண்டும். அவளோ பாறையை ஒட்டிய பின்னறையில் அம்மாவோடு ஒரே கட்டிலில் படுத்திருந்தாள். சுவரில் ஈரம் வழிந்தது. அந்த வீடும் நான் கட்டியதுதான். ஈரம் பாறையின் குற்றம், என்னுடையதல்ல.

அந்த வீட்டு முன்னறை ஜன்னலைப் பார்க்க வேண்டும் என்று மோர்வித் என்னையும் கூட்டிப்போனாள்.

"அக்கா, இவளுக்கு முன்னறையில ஒரு கட்டில் போடுங்க," என்றாள்.

"முன்னறையிலயா? வியாழக்கிழமை போதகர் வந்தா எங்கே உட்கார வைப்பேன், கரி வாளி மேலயா?"

"சமையலறையில உட்காரட்டுமே."

"நல்லா இருக்கு. புருஷன் போனதும் தாமாருக்கு வாழத் தெரியலன்னு சபை முழுக்கச் சிரிக்கும்."

மோர்வித் கோப்பையைக் கீழே வைத்தாள். பாதிதான் குடித்திருந்தாள். அப்படி நான் பார்த்ததே இல்லை.

"அக்கா, அந்த அறைக்கு எலூனெத் எப்படியும் வரத்தான் போறா. நடந்து வரணுமா, நாலு பேர் தூக்கிட்டு வரணுமா, அதை மட்டும் நீங்க சொல்லுங்க."

தாமார் அடுப்புக் கரியைக் கிளறிவிட்டாள். "போதகரே வந்து சொல்லட்டும். அப்பப் பார்க்கலாம்."

நாங்கள் நேரே போதகர் கெதின் வீட்டுக்குப் போனோம். அவர் வெந்நீர் வாளிக்குள் காலை விட்டுக்கொண்டு தும்மிக்கொண்டிருந்தார். மோர்வித் விஷயத்தைச் சொன்னாள். கோபப்படுவார் என்று நினைத்தேன்.

"சமையலறையா? நிஜமாவா சொல்றீங்க, நர்ஸம்மா?" என்றார். "பதினோரு வருஷமா இந்த ஊர் முன்னறைகள்ல விறைச்சுப்போய் உட்கார்ந்திருக்கேன். கேக்கு கூடச் சில்லுன்னு இருக்கும். பின்னால நீங்கல்லாம் சிரிக்கிற சத்தம் மட்டும் கேட்கும்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, ஐயா?"

"மரியாதை பண்றாங்க. எப்படிச் சொல்றது? அந்த மரியாதையில எனக்கு ரெண்டு தடவை நெஞ்சுச்சளி."

வியாழக்கிழமை அவர் பின்வாசல் வழியாகவே வந்தார். தாமார் முகம் சிவந்து நின்றாள். அவரோ அடுப்போரம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கல்லில் சுட்ட திராட்சை அப்பம் நாலு சாப்பிட்டார். "தாமார், மகளை முன்னறைக்கு மாத்திடுங்க. இந்த இடம் இனி எனக்கு," என்றார். அதற்கப்புறம் மறுபேச்சு ஏது?

ஜன்னல் என் பொறுப்பு. மேலே தூக்கித் திறக்கிற ஜன்னல் அது. இருபத்திரண்டு வருஷப் பெயின்ட் ஏழு பூச்சாக ஏறி இறுகியிருந்தது. வேறொருவன் கண்ணாடியை உடைத்திருப்பான். நான் கால் மணி நேரத்தில் திறந்தேன். திறக்க வராமல் இறுகிக் கிடந்த வாசற்கதவையும் இழைத்துச் சரிசெய்தேன். அலங்காரத்துக்கு வைத்திருந்த பீங்கான் நாய் பொம்மைகள் வெளியே போயின, கட்டில் உள்ளே வந்தது.

இரண்டே நாளில் எலூனெத்துக்கு ஊர் நடப்பு முழுக்கத் தெரிந்துவிட்டது. "மேஸ்திரி மாமா, நேத்து மதுக்கடையிலிருந்து நீங்க வளைஞ்சு வளைஞ்சு வந்தீங்களே, தெருவே கோணலா?" என்று ஜன்னலிலிருந்து கேட்பாள். தெரு நான் போட்டதில்லை என்று சொல்லிவிட்டேன்.

ஜூனில் ஆஸ்பத்திரி வண்டி வந்தது. இரண்டு ஆட்கள் தூக்குப்படுக்கையோடு இறங்கினார்கள். "அதை வண்டியிலயே வைங்க," என்றாள் எலூனெத். முன்வாசல் வழியாக, கதவு நிலையைப் பிடித்துப் பிடித்து, தானே நடந்து போய் ஏறினாள். மோர்வித் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூக்கை உறிஞ்சினாள்.

அந்தக் கோடைக்குள் முப்பத்தொரு வீட்டு ஜன்னல்களை நான் திறந்துவிட்டேன். ஊர் அவளை 'ஜன்னல் மோர்வித்' என்று கூப்பிட ஆரம்பித்தது. அந்தப் பெயர் எனக்கு வந்திருக்க வேண்டியது. போகட்டும்.

புது ஊசிகள் போட்டு, மறுவருஷம் மே மாதம் எலூனெத் கன்னம் உருண்டு திரும்பி வந்தாள். ஊசிக்கும் பங்கு உண்டு, நான் இல்லையென்று சொல்லவில்லை. மகள் வரும் நாளில் குளிர் கூடாதென்று தாமார் ஜன்னலை இறக்கி வைத்திருந்தாள். எலூனெத் கோட்டைக்கூடக் கழற்றாமல் நேரே போய் அதை மேலே தூக்கினாள்.

ஒரே விரலால். நான் சரிசெய்த ஜன்னலாயிற்றே.