ஆயுதபூஜையன்று அழுக்குக் கேட்டுப் போனோம்

பழுப்பேறிய ஒரு ஸ்பாஞ்சுத் துண்டு, எவர்சில்வர் தூக்குவாளிக்குள், மீன்தொட்டித் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது. ஆயுதபூஜையன்று, திண்டுக்கல்லில் பஸ்ஸும் லாரியும் மாலை போட்டுக்கொண்டு போகிற சாலையில், அந்த வாளியை மடியில் வைத்தபடி ஆட்டோவில் நாத்தனாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எனக்குக் கல்யாணமாகி நாற்பது நாள்கூட ஆகவில்லை.

நாத்தனார் என் கணவரின் அக்கா. வேடசந்தூர்ப் பக்கம் நூல் மில்லில் வேலை. புருஷன் இறந்தபின் தம்பி வீட்டுக்கு வந்தவர், கையோடு கொண்டுவந்தது ஒரு டிரங்குப் பெட்டியும் இந்த மீன்தொட்டியும்தான். தொட்டியிலிருந்த பெரிய தங்கமீன் அவர் புருஷன் வாங்கி விட்டது. கடை ஃபில்டரை அவர் அப்படியே வைத்துக்கொள்ள மாட்டார். டப்பாவின் அடியில் உடைத்த ஓட்டுச்சில்லு, அதன்மேல் ஸ்பாஞ்சு, அதற்கும் மேலே தலையணைப் பஞ்சு என்று தானே அடுக்குவார். பஞ்சை அடிக்கடி மாற்றுவார். ஸ்பாஞ்சுக்கு மாதம் ஒருமுறை, தொட்டியில் மொண்ட தண்ணீரிலேயே இரண்டு பிழி, அவ்வளவுதான். சேலையில் ஒரு சுருக்கம் பொறுக்காத மனுஷி இந்த அழுக்கை மட்டும் எப்படி விட்டுவைக்கிறார் என்று எனக்கு ஆச்சரியம். மில் வேலை அலுப்பு, பாவம் என்று நானே காரணமும் சொல்லிக்கொண்டேன்.

பூஜைக்கு இரண்டு நாள் முன்பு, அவர் மில்லுக்குப் போயிருந்தபோது, கிரைண்டர், ஃபேன், அரிவாள்மனை என்று வீட்டையே கழுவிப்போட்டேன். புது மருமகள், நல்ல பேர் வாங்க வேண்டுமே! ஃபில்டரையும் பிரித்து, ஸ்பாஞ்சையும் சில்லையும் பிளீச்சிங் பவுடரில் ஊறவைத்துத் தேய்த்து, மொட்டைமாடி வெயிலில் மொறுமொறுவெனக் காயவைத்துத் திரும்ப அடுக்கினேன். கூறுகெட்டவள்!

பூஜையன்று காலையில் மீன்களெல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. நாத்தனார் டப்பாவைத் திறந்தார். புதிது போலிருந்த ஸ்பாஞ்சை முகர்ந்து பார்த்தார். யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு, "மீனு கழிவ முறிக்கிற, கண்ணுக்குத் தெரியாத உசுரு இந்த அழுக்குலதான் ஒட்டிக் கெடக்கும். அம்புட்டும் செத்துப்போச்சு. வேற தொட்டியில இருந்து வாங்கியாரணும், வா தாயி" என்றார்.

மீன்கடையில் பூஜைக்காக எல்லா ஃபில்டரையும் பளபளவெனக் கழுவிப் பொட்டு வைத்திருந்தார்கள். தெரிந்த வீடுகள் இரண்டிலும் அதே கதை. ஊரே தலைமுழுகி உட்கார்ந்திருந்தது. கடைசியில் ஒரு பிரியாணிக் கடைக்குப் போனோம். அங்கே சாப்பிடும் ஹாலில் ஒரு தொட்டி உண்டு. கடைக்கார பாய் விழுந்து விழுந்து சிரித்தார். "எல்லாரும் லெக் பீசு கேப்பாங்க. அழுக்கு கேட்டு வந்தது நீங்கதாம்மா. ரெண்டு மாசமாக் கழுவல, என் சோம்பேறித்தனமும் ஒருத்தருக்கு ஒதவுதே!" பாதி ஸ்பாஞ்சை வெட்டிக் கொடுத்தார்.

திரும்பும்போது ஆட்டோவில் என்னால் அடக்க முடியவில்லை. "மதினி, நான்தான் கழுவுனேன்" என்று அழுதுவிட்டேன்.

"தெரியும். நீயாச் சொல்லட்டும்னுதான் இருந்தேன். வாளியப் பிடி, சிந்துது."

சின்ன மீன்கள் பிழைத்துக்கொண்டன. பெரிய தங்கமீன் மறுநாள் விடியும்போது மல்லாந்து கிடந்தது. செத்துப்போன மனுஷனின் ஞாபகமாக அவருக்கு உயிரோடு மிச்சமிருந்தது அது ஒன்றுதான். அதையும் நான் கொன்றுவிட்டேன். இனி எந்த முகத்தோடு அவர் எதிரில் நடமாடுவது? செம்பட்டியில் அம்மா வீட்டுக்குப் போய்விடலாமென்று துணிகளைப் பையில் திணித்துக்கொண்டிருந்தேன். கொல்லையில் மீனைப் புதைத்துவிட்டு, கையில் மண்ணோடு நாத்தனார் வந்து நின்றார். பையைப் பார்த்தார்.

"மீனு போனது போகட்டும். நீயும் போயிட்டா நான் யாரோட இருப்பேன்?"

நான் போகவில்லை. பதினாறு வருடம் ஒரே வீட்டில் இருந்தோம். போன ஆடியில், ஒருநாள் தூக்கத்திலேயே, சொல்லாமல் கொள்ளாமல் போனது அவர்தான்.