மணிலாக்காரர் முறைமாப்பிள்ளை ஆன கதை

ஹாலிஎலைச் சுற்றுவட்டாரத்தில் இலாரியோ ரெகலாதோ என்ற பேரைப் பிசகாமல் சொல்லத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் பதுளைக் கத்தோலிக்கக் கோயில் சாமியார். அவர் பல பாஷை படித்தவர். இன்னொருத்தி தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்த மதலேனா. அவள் ஒரு பாஷையும் படித்தவளில்லை. அவளுக்குக் காரணம் வேறு.

மற்றவர்களுக்கு அவர் மணிலாக்காரர். தென்னாற்காட்டுப் பக்கம் நிலக்கடலையை மணிலாக்கொட்டை என்பார்கள். அங்கிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளைகள் அவரைக் கண்டால் 'கொட்டை, கொட்டை' என்று கூவிக்கொண்டு ஓடும். அவரும் சட்டைப் பையில் வறுத்த கடலையை வைத்திருந்து அள்ளிக் கொடுப்பார். கோபப்படத் தெரியாத மனுஷன்.

சர்க்கஸ் கம்பெனி ஒன்றின் பேண்டில் கிளாரினெட் ஊதிக்கொண்டு இலங்கைக்கு வந்தவர். ரயில் பண்டாரவளையோடு நின்றிருந்த காலம் அது. அங்கிருந்து பதுளைக்கு மாட்டுவண்டிதான். பதுளையில் கூடாரம் போட்ட இடத்தில் காய்ச்சல் அவரைப் படுக்கவைத்தது. சர்க்கஸ்காரர்கள் யானையைப் பத்திரமாகக் கூட்டிக்கொண்டு போனார்கள், இவரை விட்டுவிட்டுப் போனார்கள். யானைக்கு இருந்த மதிப்பு இவருக்கு இல்லை, என்ன செய்ய. உடம்பு தேறியதும் ஹாலிஎலைக்கு மேலே ஒரு தோட்டத்தில் தேயிலைப் பெட்டி அடிக்கும் வேலைக்குச் சேர்ந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் பூசைக்குக் கிளாரினெட் ஊதுவார்.

தோட்டத்துக் கங்காணி அந்தோனிமுத்து, வந்த புதிதிலேயே அவரைக் கூப்பிட்டு விசாரித்தார். ஆள் யார், எந்த ஊர், என்ன வகையறா. இலாரியோ உள்ளதைச் சொன்னார். மணிலாச் சீமையில் இருந்த அவருடைய தீவை ஸ்பெயின்காரன் ஆண்டான். தாத்தா காலத்தில் அந்தத் துரைமார் ஒரு பெரிய பேர்ப்புத்தகத்தைப் பிரித்து ஊர் ஊராகப் பேர் கொடுத்தார்கள். இவர் ஊருக்கு விழுந்தது 'ர'வில் தொடங்கும் பேர்கள். சொந்தக்காரன், பிறத்தியான் எல்லாருக்கும் 'ர'தான். அதற்கு முன்னால் அந்த வீட்டுக்கு என்ன பேர் இருந்தது என்று கேட்டால் அவருக்கே தெரியாது. கங்காணி வயிறு குலுங்கச் சிரித்தார். அடுப்படியில் இருந்த அவர் தங்கை மதலேனா தலையை நீட்டினாள்.

"நம்ம தாத்தாவும் மொதல்ல மாடசாமிதானே? அவருக்கு அந்தோனின்னு யாரு பேரு குடுத்தா?"

கங்காணிக்குச் சிரிப்பு நின்றுபோனது. இலாரியோவின் மனசு அன்றைக்கே அந்த அடுப்படியில் போய் ஒட்டிக்கொண்டது. மதலேனாவும் அவர் பேரை வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பழகிக்கொண்டாள். ஆனால் போய்ப் பெண் கேட்க இலாரியோவுக்குப் பெரியவர் என்று யார் இருக்கிறார்கள்? ஆசை ஆசையாகவே கிடந்தது.

இப்படி இருக்கையில் கங்காணியின் சம்சாரம் சூசையம்மாவுக்கு வெகுகாலம் கழித்து ஆண்பிள்ளை பிறந்தது. ஞானஸ்நானத்தில் பிள்ளையை ஏந்தி ஞானத்தகப்பனாக நிற்கக் கங்காணியின் பங்காளிகள் அடித்துக்கொண்டார்கள். ஒருவனைக் கூப்பிட்டால் மற்றவன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வான். சூசையம்மா பக்கத்திலோ கூடப்பிறந்த ஆண் ஒருவரும் கிடையாது. பிள்ளையை மடியில் வைத்துக் காதுகுத்தத் தாய்மாமன் இல்லையே என்பது அவளுக்கு ஆறாத குறை. கடைசியில், யாருக்கும் சொந்தமில்லாத மணிலாக்காரரே நிற்கட்டும் என்று கங்காணி முடிவு செய்தார். யாருக்கும் பொல்லாப்பு இல்லை பாருங்கள்.

இலாரியோவுக்குத் தலைகால் புரியவில்லை. அவர் நாட்டில் ஞானத்தகப்பன் என்றால் பேருக்கு நிற்பதில்லை. ஸ்பெயின்காரன் கொடியை இறக்கிக்கொண்டு போய்விட்டான்; அவன் கொண்டுவந்த 'கும்பாத்ரே' என்ற உறவு மட்டும் போகவில்லை. பிள்ளையை ஏந்தி நின்றவனும் பெற்றவனும் அன்றிலிருந்து ஒரு வயிற்றில் பிறந்தவர்கள் மாதிரி. இனிமேல் தானும் அந்த வீட்டு மனுஷன், சாயங்கால விருந்தில் தைரியமாகப் பெண் கேட்டுவிடலாம் என்று அவர் நினைத்தார். ஞானஸ்நானம் முடிந்ததும் கோயில் வாசலில் கங்காணியைக் கட்டிப்பிடித்து, தோட்டத்துச் சனம் மொத்தமும் கேட்கும்படி, பழகி வைத்திருந்த தமிழில் சொன்னார்.

"இன்னையிலேருந்து நீங்க எங்கூடப் பொறந்த அண்ணன்."

பெண்கள் குலவை போட்டார்கள். மதலேனாவுக்கு முகம் செத்துப்போனது.

விருந்தில், உன் புது அண்ணனுக்குச் சோறு போடு என்று யாரோ அவளை ஏவினார்கள். அவள் பானையைத் தொப்பென்று வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். இலாரியோ பெண் கேட்காமலே எழுந்து போனார். என்ன தப்பு செய்தோம் என்று அவருக்கு விளங்கவில்லை.

மறுநாள் பதுளைக் கடைவீதிக்குப் போய் ஜவுளிக்கடை ஷுக்ரியிடம் நடந்ததைச் சொன்னார். பிள்ளையின் ஞானஸ்நான உடுப்புக்குத் துணி கொடுத்தவரும் அவர்தான், இலாரியோவின் நெருங்கிய சிநேகிதர். ஷுக்ரி கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுத் தலையில் கைவைத்தார்.

"அண்ணன்ட தங்கச்சி ஒங்களுக்கும் தங்கச்சிதானே? தங்கச்சிய யாரும் கட்டுவாங்களா?"

சர்க்கஸ் தன்னை விட்டுப் போனபோதுகூட இலாரியோ அழுததில்லை. அன்று துணிக்கட்டின் மேல் உட்கார்ந்து அழுதார்.

அங்கிருந்து சாமியாரிடம் ஓடினார். ஞானப்பிள்ளையின் அத்தையைக் கட்டுவதற்குத் திருச்சபையில் ஒரு தடையும் கிடையாது என்று சாமியார் சிரித்தார். தடையெல்லாம் தோட்டத்துச் சனம் குடியிருந்த லயத்தில்தான் இருந்தது. விஷயம் தெரிந்து கங்காணியும் உள்ளூரச் சம்மதித்தார். ஆனால் ஊரே கேட்க விழுந்த சொல்லை எப்படித் திரும்ப அள்ளுவது, அண்ணனுக்கே தங்கச்சியைக் கொடுத்தான் என்று சிரிப்பார்களே என்று கையைப் பிசைந்தார். இதற்குள் தெமோதரையிலிருந்து மதலேனாவைப் பெண்பார்க்க வருகிறோம் என்று ஒரு குடும்பம் சொல்லியனுப்பிவிட்டது.

அவர்கள் வந்த ஞாயிற்றுக்கிழமையை என்னவென்று சொல்ல. பெண்ணுக்கு அண்ணன் ஆகிவிட்டதால் இலாரியோ பெண்வீட்டார் வரிசையில் பாயில் உட்கார வேண்டியதாயிற்று. அது போதாதென்று வந்தவர்கள் அவரை ஊதச் சொன்னார்கள். ஊதினார். அவர் ஊதியது கல்யாணப் பாட்டுத்தான், கேட்டவர்களுக்கு ஏனோ சாவுவீட்டு ஞாபகம் வந்தது.

வெற்றிலைத் தட்டை வாங்கக் கங்காணி கையை நீட்டுகிற சமயம், சூசையம்மா பிள்ளையை இடுக்கிக்கொண்டு நடுவில் வந்து நின்றாள். இலாரியோவிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். அவர் நாட்டில் இந்த உறவு பிள்ளையின் அப்பனோடு மட்டும்தானா, பெற்றவளோடு ஒன்றும் கிடையாதா? அவர் ஒன்றும் புரியாமல் உள்ளதைச் சொன்னார். பெற்றவளோடும் உண்டு, அவளும் கூடப்பிறந்தவள்தான்.

சூசையம்மா சபையைத் திரும்பிப் பார்த்தாள்.

"எனக்கும் கூடப்பொறந்தவரு, எம் புருசனுக்கும் கூடப்பொறந்தவருன்னா, அப்புறம் நானும் எம் புருசனும் யாரு? இந்தப் பிள்ள ஏது?"

சபையே சிரித்தது. கங்காணி துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

"ரெண்டுல ஒண்ணுதான் நிக்கும். நான் எடுத்துக்கிறேன். இவரு எனக்கு அண்ணன், எம் பிள்ளைக்குத் தாய்மாமன்."

சொல்லிவிட்டுப் பிள்ளையை இலாரியோ மடியில் போட்டாள். அதற்குமேல் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அண்ணிக்கு அண்ணன் என்றால் மதலேனாவுக்கு முறைமாப்பிள்ளை. தெமோதரைப் பெரியவர் நியாயம் தெரிந்தவர். முறைமாப்பிள்ளை எதிரிலேயே உட்கார்ந்திருக்கும்போது நாம் கேட்பது மரியாதையில்லை என்று தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஆனால் சாப்பிடாமல் கிளம்பமாட்டோம் என்றும் சொல்லிவிட்டார். மதலேனா சோற்றுப்பானையோடு வந்தாள். இந்தத் தடவை பானையை வைத்துவிட்டு ஓடவில்லை. இலாரியோவின் இலையில் சோற்றைக் குவித்துக்கொண்டே இருந்தாள்.

கங்காணி அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"சாப்பிடுங்க மச்சான்," என்றார்.

தை மாதம் பதுளைக் கோயிலில் கல்யாணம் நடந்தது. சாமியார் முன்னால் கல்யாண வாக்குக் கொடுக்கையில் மதலேனா, 'இலாரியோ ரெகலாதோ என்கிற இவரை' என்று ஒரு எழுத்துப் பிசகாமல், கடைசி வரிசைவரை கேட்கச் சொன்னாள். இலாரியோவுக்கு உச்சி குளிர்ந்துபோனது. அதை இன்னொரு தடவை கேட்க மறுநாள் விடிந்ததிலிருந்து காத்திருந்தார். 'ஏங்க, தேத்தண்ணி ஆறுது' என்று மட்டும்தான் அடுப்படியிலிருந்து குரல் வந்தது. கெஞ்சிப் பார்த்தார். கட்டினவர் பேரை யாராவது சொல்வார்களா என்று அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

அதோடு அந்தப் பேரைப் பிசகாமல் சொல்ல இந்தப் பக்கத்தில் சாமியார் ஒருவர்தான் மிச்சம். இலாரியோவுக்கு அதில் ஒரு குறையும் இல்லை. துரைமார் புத்தகத்தைப் பார்த்துக் கொடுத்த பேர் அது, போனால் போகிறது. பெட்டி அடிக்கிற அத்தனை சத்தத்திலும் லயத்துப் பக்கமிருந்து யாரோ 'ஏங்க' என்றால், சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு முதல் ஆளாக அவர்தான் திரும்பிப் பார்ப்பார்.