இருபது ரீடிங்கின் சராசரி

1. தண்ணீரின் நிறம்

மாலை நான்கு மணி பத்து நிமிடம். முதலில் கண்ணில் பட்டது தண்ணீரின் நிறம். வருசநாட்டுப் பக்கம் ஒரு தரைப்பாலத்துக்குக் கீழே கணுக்காலளவு தெளிவாக ஓடிக்கொண்டிருந்த ஆறு, செம்மண் நிறத்துக்கு மாறியது. பாலத்தில் ஒரு துளி மழை இல்லை. மேற்கே மலைமேல் வானம் கறுத்திருந்தது.

நான் கரையில் நின்ற கம்பத்தில் சோலார் பேனலைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அதே கம்பத்தில் ஆற்றின் ஆழத்தைச் சென்டிமீட்டரில் காட்டும் எண் பலகையும் ஒரு சைரனும் இருந்தன. பாலத்தை ஒட்டி உயரத்தில் மாட்டிய சென்சார் மேலிருந்து தண்ணீர் மட்டத்தை அளந்து இரண்டு நிமிடத்துக்கு ஒரு ரீடிங் எடுக்கும். அறுபதைத் தாண்டினால் தண்ணீர் பாலத்தின் மேல் ஏறும். அப்போது சைரன் ஒலிக்க வேண்டும். எல்லாம் நான் பொருத்தியவை.

நான்கு பன்னிரண்டுக்கு மாரிச்சாமியின் ஜீப் என்னைக் கடந்து பாலத்தில் இறங்கியது. உள்ளே இலவங்காய் பொறுக்கித் திரும்பும் ஐந்து பெண்கள், மேலே மூட்டைகள். பலகையைப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினார். அதில் 21 என்று இருந்தது.

பாதிப் பாலத்தில் ஒரு மூட்டை அவிழ்ந்து விழுந்தது. எஞ்சினை அணைத்துவிட்டு, மூட்டையைக் கட்ட அவர் இறங்கினார்.

"ஏலே மாரி, ஆத்துக்கு நடுவுல நின்னு என்னலே கட்டுற?" உள்ளிருந்து ஒச்சம்மாவின் குரல்.

"சும்மா இரு சின்னாத்தா. காய் தண்ணியோட போனா மொதலாளிக்கு நீயா பதில் சொல்லுவ?"

2. ஒச்சம்மாவின் எருமைகள்

பலகையை நம்பலாம் என்று அந்த ஊருக்குச் சொன்னவன் நான். அதற்கு முன் சைரனை யாரும் நம்பவில்லை. சென்சாருக்குக் கீழே எருமை வந்து நின்றால், அதன் முதுகைத் தண்ணீர் மட்டமாக எடுத்துக்கொண்டு சைரன் ஊதும். எருமைகள் ஒச்சம்மாவுடையவை.

"ஏஞ் சார், ஒங்க மிசினுக்கு எருமைக்கும் வெள்ளத்துக்கும் வித்தியாசம் தெரியாதா? இங்கன நீங்க ஊதுனா அங்கன எம் மாடு பாலை அடக்கிக்கிருது."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. அன்றே மூவிங் ஆவரேஜ் போட்டேன். கடைசி இருபது ரீடிங்கைக் கூட்டி இருபதால் வகுத்து, அந்தச் சராசரியையே பலகைக்கும் சைரனுக்கும் அனுப்பும் முறை. ஒரு எருமை வந்து போனால் எண் லேசாகத்தான் அசையும். திரையில் கோடு நூல் பிடித்ததுபோல் நேராக வந்தது. அந்தக் கோட்டைப் படமெடுத்து மேலதிகாரிக்கு அனுப்பினேன். அவரும் பாராட்டினார்.

இருபது ரீடிங் என்றால் நாற்பது நிமிடம். வெள்ளமும் அந்த நாற்பது நிமிடத்துக்குள் கரைந்துதான் பலகைக்கு வரும் என்பதைப் பாடத்தில் படித்திருந்தேன். கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை.

3. பதினான்கு நிமிடம்

நான்கு பதினான்குக்குத் தண்ணீர் பாலத்தின் மேல் ஏறியது. பலகையில் 24.

"வண்டியை எடுங்க! தண்ணி வருது!" என்று கத்தினேன். மாரிச்சாமி நிமிர்ந்து, கையிலிருந்த கயிற்றாலேயே பலகையைக் காட்டினார்.

"இருவத்துநாலுதான சார் காட்டுது? நீங்கதான போர்டைப் பாத்துப் போகச் சொன்னீக?"

அந்த எண் கண்ணெதிரே ஓடும் தண்ணீர் அல்ல, கடந்த நாற்பது நிமிடத்துத் தண்ணீர் என்பது அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும். அதைச் சொல்லி விளக்க நேரமில்லை. சைரனைக் கையால் ஒலிக்கவைக்க ஒரு சுவிட்சும் நான் வைத்திருக்கவில்லை.

ஒச்சம்மா ஜீப்பிலிருந்து காலை இறக்கினார். "போர்டுல என்னவும் இருக்கட்டும்லே. எங் காலு நனையுது!"

மாரிச்சாமி ஏறிச் சாவியைத் திருகினார். எஞ்சின் பிடிக்கவில்லை. இரண்டாவது முறையும் பிடிக்கவில்லை. பெண்கள் கைகோத்து இறங்கினார்கள். நான் பாலத்தில் ஓடி முன்னால் வந்தவரின் மணிக்கட்டைப் பிடித்தேன். தண்ணீர் முழங்காலை நெருங்கியிருந்தது. அடியெடுத்து வைக்கும்போதெல்லாம் பாதத்தின் கீழே கற்கள் உருண்டன. வரிசையின் கடைசியில் மாரிச்சாமி வந்தார். கயிறு இன்னும் அவர் கையில் இருந்தது. கரையேறியதும் நான் ஆட்களை எண்ணினேன். ஆறு பேர். நம்பிக்கை இல்லாமல் மறுபடி எண்ணினேன்.

பிறகு சென்சாருக்குக் கீழே எருமை நிற்க முடியாதபடி துளையிட்ட குழாய் ஒன்றை இறக்கினேன். ரீடிங்கைப் பத்து நொடிக்கு ஒன்றாக்கி, ஐந்து ரீடிங்கை அளவு வரிசையில் வைத்து நடுவில் வருவதை மட்டும் எடுக்கவைத்தேன். கம்பத்தில் ஒரு சுவிட்சும் வந்தது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று. சிக்னலைச் சீராக்கினால் தாமதம் சேரும். எத்தனை நிமிடம் என்று கணக்கிட்டு எழுதுங்கள். அந்த நிமிடங்களில் அங்கே யார் நிற்பார்கள் என்று நேரில் போய்ப் பாருங்கள்.

அன்றைய பதிவு என்னிடம் இருக்கிறது. ஜீப் பாலத்திலிருந்து அடித்துச் செல்லப்பட்டபோது மணி நான்கு இருபது. பலகையில் 38. சைரன் ஒலித்தது நான்கு இருபத்தெட்டுக்கு.