கட்டார் பனையும் என் கன்னமும்

"யோகன் அண்ணன் போயிட்டார். நெஞ்சு நோவாம்." தொலைபேசியில் சொன்னவன் அவருடைய தம்பி சிவம். ஒருகாலத்தில் அண்ணனின் கையை வெட்டியவனே சாவும் சொல்லுகிறானே என்று தொலைபேசியை ஒருமுறை பார்த்தேன்.

யோகன் என் சகலன். எங்களுக்கு ஒரே மாமியார், அதனால் ஒரே பயம். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். இதை எழுதியதில் பிழை இருந்தால் என் மகள் திருத்தியிருப்பாள். கட்டாரில் கிரேன் ஓட்டித் திரும்பிய மற்றவர்கள் டிவி கொண்டுவந்தார்கள். யோகன் பாலைவன விசிறிப் பனையின் விதை கொண்டுவந்தார். எங்கள் ஊர் குருக்கள்மடத்து ஈரத்தில் வேர் அழுகும் என்று மணல் மேட்டில் நட்டார். மரம் வளர்ந்ததும், மாரித் தண்ணீர் தேங்காமல் வாய்க்கால் வெட்டினார். அது நேரே பக்கத்து வளவில், சிவத்தின் அடுப்படிக்குள் போனது.

"உன்ர மரத்துக்குக் கால் நனையக் கூடாது, என்ர பிள்ளைகள் தண்ணிக்குள்ள படுக்கிறதா?" வேலியைப் பிய்த்துக்கொண்டு சிவம் கத்தியோடு வந்தான். மரத்துக்கு ஓங்கிய வெட்டை யோகன் முன்கையில் வாங்கினார். எலும்பு தெரிந்தது. அப்போதும், "வெட்டுறதெண்டா காவோலையை வெட்டுடா, பச்சையைத் தொடாதே!" என்றுதான் கத்தினார்.

அடுத்த கோடையில், காய்ந்த ஓலைகள் பாவாடைபோல் தொங்கிய மரத்துக்குச் சிவம் நெருப்பு வைத்தான். வெடித்து வெடித்து எரிந்தது. நான் வீரனாக வாளித் தண்ணீரோடு ஓடினேன். யோகன் விட்ட அறையில் வாளி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், பல்செட் ஒரு பக்கம். "ஊத்தாதடா! வெந்த குருத்துக்குள்ள தண்ணி போனா அழுகும். இது நெருப்பைத் தாங்கும், உன்னைத் தாங்காது!"

மாரிக்கு முன் அந்தக் கரிக்குள்ளிருந்து பச்சைக் குருத்து ஈட்டிபோல் வந்தது. யோகன் அன்றே தழும்புக் கையால் மண்வெட்டி எடுத்து, வாய்க்காலை வாவிப் பக்கம் திருப்பினார். "மரம் பிழைச்சிட்டுது. அவன்ர பிள்ளைகளும் ஈரமில்லாமப் படுக்கட்டும்." தம்பியோடு மட்டும் கடைசிவரை பேசவில்லை.

பிரேதம் முற்றத்தில் இருக்கையில் சிவம் கத்தியோடு வேலியால் வந்தான். பெண்கள் அலறினார்கள். நானும் எழும்பினேன், ஓடுவதற்குத்தான்.

"விலகுங்க. பிரேதம் எடுக்கேக்க வெடி கொளுத்துவாங்க, பொறி பறக்கும்."

பனையில் ஏணி சாத்தி ஏறினான். காவோலைகளை மட்டும் வெட்டினான். மட்டைக் கருக்கு இரண்டு கைகளையும் கிழித்தது. பச்சையில் ஒரு கீறல் இல்லை. இறங்கி, இரத்தக் கையால் அண்ணனின் தழும்பைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டான்.

யோகனிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த அறை. குளிர் நாளில் தாடை நோகும். நோகும்போது, கையில் வாளி இருந்தால் கீழே வைத்துவிடுகிறேன்.