நான்கு நிமிடம் இருபது விநாடி

கோக்கா இலையை வெற்றிலைபோல மென்றபடி, கண்ணை மூடி, சூடேறிய கணினிப் பெட்டியின்மேல் கன்னத்தைச் சாய்த்திருந்தாள் யூலோகியா சோக்கே. தூங்குகிறாள் என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். "நாலு நிமிஷம் இருபது செகண்டு. இப்ப சத்தம் போயிடும் பாரு, தம்பி" என்றாள். போயிற்று.

பட்டகமாயா என்ற எங்கள் மலையூரில், வானொலி நிலையத்தின் கருவிகளையெல்லாம் பார்த்துக்கொள்வது அவள் ஒருத்திதான். நான் வெறும் அறிவிப்பாளன். என் குரல் அந்தப் பெட்டிக்குள் ஒரே ஒரு முறைதான் போகும். உள்ளே குடியிருக்கும் மூன்று மெய்நிகர் கணினிகள் 'எங்களுக்கும் வேண்டும்' என்று பெயர் கொடுத்து, அதை வாங்கி மூன்று மலைகளின் ஒலிபரப்புக் கோபுரங்களுக்கு அனுப்பும். முந்தைய நாளிலிருந்து, எப்போது முடுக்கினாலும் ஐந்தாம் நிமிடத்தில் மூன்றும் ஊமையாயின.

எதிர் பெஞ்சில், அறிவிப்புக் கொடுக்க வந்த செவெரோ. மனைவிக்கு அன்று மாலை அறுவைச் சிகிச்சை. "ரத்தம் குடுக்க ரெண்டு பேர் வேணுமாம். எனக்குக் காமாலை வந்த உடம்பு, எடுக்க மாட்டாங்க. என் தம்பி பிளாசிடோ மலைல லாமா மந்தை மேய்க்கிறான், அங்க போன் கிடைக்காது. ஒரு மணி லாரிய விட்டா நாளைக்குத்தான். இன்னொரு ஆளும் இன்னும் கிடைக்கல."

முதல் நான்கு நிமிடத்துக்குள் செய்தியை வாசித்துவிடலாம்தான். மேய்ச்சல்காரன் எப்போது வானொலியைத் திருகுவான் என்று யார் கண்டது? விடாமல் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

யூலோகியாவுக்கு அவசரமே வராது. ஜன்னல் வெயிலில் மிதக்கும் தூசியிடம் பேசுவதுபோலத்தான் பேசுவாள். "மூணும் சாகல. மறந்துபோகுது. யாருக்கெல்லாம் வேணும்னு ஒருத்தர் அப்பப்ப விசாரிக்கணும். விசாரிக்கலன்னா, வேண்டாம்போலன்னு, நடுவுல நின்னு குரலப் பிரிச்சுக் குடுக்கிற பாலம் கதவச் சாத்திடும்."

மெல்லுவது நின்றது. இத்தனை நாளும் விசாரித்துக்கொண்டிருந்தது, 'தண்டத்துக்குக் கிடக்கு' என்று அவளே முந்தைய நாள் கழற்றிப்போட்ட பழைய பெட்டி.

"நான்தான் பண்ணேன், அண்ணே" என்றாள் செவெரோவிடம்.

கணினியில் ஒரே ஒரு வரிக் கட்டளை தட்டினாள். இனிப் பாலமே விசாரித்துக்கொள்ளும். பன்னிரண்டேகாலுக்கு வாசிக்கத் தொடங்கினேன். ஐந்தாம் நிமிடம் தாண்டியது, பத்தாம் நிமிடமும் தாண்டியது. தொண்டை வற்றும்வரை வாசித்தேன்.

மூன்று மணிக்கு லாரியிலிருந்து இறங்கிய பிளாசிடோ நேரே எங்கள் வாசலுக்கு வந்தான். "பாட்டு ரெண்டு தடவ அத்துப்போச்சு. கடுப்புல அணைச்சுட்டேன். ஏதோ மனசு கேக்கல, திரும்பப் போட்டேன். அப்பத்தான் அண்ணி பேரு காதுல விழுந்துச்சு."

செவெரோ அவன் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதான். யூலோகியா சால்வையைக் கழற்றி என் மடியில் போட்டாள். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொண்டு, அவர்கள் இருவருக்கும் முன்னால் ஆஸ்பத்திரியை நோக்கி நடந்தாள்.