உள்தாழ்ப்பாள் உள்ள வீடு

ரெண்டுவிரல் என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டது, என் பெரியம்மாவின் நாத்தனார் மகளுக்கு மாப்பிள்ளை தேடிய வருடத்தில். சேதி கொண்டுவந்த உறவுக்காரர், "பையன் டெய்லர். நல்ல கைவேலை. கடைத்தெருவுல ரெண்டுவிரல்னு சொன்னா எல்லாருக்கும் தெரியும்" என்றார். பெண்ணின் அம்மா பதறிப்போய், "ஐயையோ, மிச்ச விரலெல்லாம் எங்க போச்சு?" என்று கேட்டுவிட்டாள். உள்ளே இருந்த பெண் சிரித்த சிரிப்பு வாசல்வரை கேட்டது. அந்தச் சிரிப்போடுதான் கல்யாணம் முடிவாயிற்று.

விரலுக்கெல்லாம் ஒரு குறையும் இல்லை. அவர் வேலைசெய்யும் விதம் அப்படி. டேப் என்ன காட்டினாலும், நோட்டில் எழுதும்போது இரண்டு விரல் அகலம் கூட்டித்தான் எழுதுவார். ஒன்றரை அங்குலம். "இன்னிக்கு இருக்கிற உடம்பா நாளைக்கு இருக்கும்? துணியும் ஒரு தண்ணி பட்டா சுருங்கும்" என்பார். முப்பத்தைந்து வருடத்தில் இறுக்குகிறது என்று ஒரு சட்டை அவரிடம் திரும்பி வந்ததில்லை. யோசித்துக் கூட்டுவதும் இல்லை. பேனா பிடித்தால் கை தானாகக் கூட்டிக்கொள்ளும்.

கல்யாணம் முடிந்து இருவரும் பெரிய நகரத்துக்குப் போனார்கள். ஒரே ரெடிமேட் கடையில் வேலை. அவர் ஆல்ட்ரேஷன் பார்ப்பார், அவள் காஜா எடுத்துப் பட்டன் வைப்பாள். லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் நாலாவது மாடி, ஒரே அறை. அந்த அறையிலேயே இருபத்தாறு வருடம் ஓடிவிட்டது. பிள்ளை இல்லை. யாராவது அதைக் கேட்டால், "இருந்தா அதுக்கும் தனியா வாடகை கேப்பாங்க" என்று அவள் சொல்லிவிடுவாள். கேட்டவர் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நிற்பார்.

பிறகு அவளுக்குச் சர்க்கரை நோய் வந்தது. கால் விரலில் ஒரு புண். அது ஆறவில்லை. ஒரு விரல், பாதி பாதம் என்று போய், கடைசியில் வலது கால் முட்டிக்கு மேலே எடுத்தாகிவிட்டது. இன்னொரு காலில் ஊன்றி நிற்கப் பலம் இல்லை. கைகள் இரண்டும் நல்ல கைகள். ஆஸ்பத்திரியில் ஒரு சக்கர நாற்காலி கொடுத்து, எப்படிக் கம்பியைப் பிடித்து அதிலிருந்து இறங்குவது, எப்படி ஏறுவது என்று பழக்கி அனுப்பினார்கள். நாற்காலியோடு நாலு மாடி எப்படி ஏறுவது? அவளுடைய தம்பி அவளை மட்டும் தன் வீட்டுக்கு அழைத்துப் போனார். "ரெண்டு மாசம் இருக்கட்டும் அத்தான், அதுக்குள்ள ஒரு வீடு பாருங்க" என்றார்.

தம்பி நல்லவர்தான், தம்பி மனைவியும் கெட்டவள் இல்லை. ஆனால் அந்த வீட்டில் கழிப்பறைக்கு மூன்று படி இறங்க வேண்டும். அதனால் கட்டிலிலேயே பாத்திரம் வைத்தார்கள். கூடத்தின் மூலையில் கட்டில். பாத்திரம் வைக்கும்போது தம்பி மனைவி மற்றவர்களை எழுந்து போகச் சொல்வாள். டிவி பார்த்துக்கொண்டிருப்பவர்கள் எழுந்து போவார்கள். அவர்கள் எழுந்து போகிற சத்தம்தான் அவளைத் தின்றது. அதற்குப் பயந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் போனபோது, பக்கத்தில் யாரும் இல்லாத நேரம் பார்த்துச் சொன்னாள். "என்னங்க, வீடு சின்னதா இருந்தாலும் பரவாயில்ல. காத்து வரலைன்னாலும் பரவாயில்ல. நானா உருட்டிக்கிட்டு உள்ள போகணும். கதவ சாத்தி உள்தாழ்ப்பாள் போடணும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

அன்றைக்கே அவர் நாற்காலியை அளந்தார். ஒரு சக்கரத்தின் வெளி வளையத்திலிருந்து மறு சக்கரத்தின் வெளி வளையம்வரை சரியாக இருபத்தைந்து அங்குலம். அதை நோட்டில்கூட எழுதவில்லை. எழுத என்ன இருக்கிறது? மனசில் ஆணி அடித்த மாதிரி நின்றது.

கடை நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு வீடு தேடக் கிளம்பினார். மார்பு, இடுப்பு, கை என்று கட்டம் போட்டிருந்த நோட்டு. அந்தக் கட்டங்களில் வாடகை, அட்வான்ஸ், பராமரிப்பு என்று எழுதினார். கடைசிக் கட்டத்தில் பாத்ரூம் கதவு.

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று சொன்னவன் வாடகைக்கு வீடு தேடியதில்லை. பஸ் டிப்போவுக்குப் பின்னால் ஒரு தரைத்தள வீடு, பன்னிரண்டாயிரம். கதவு அகலம்தான், ஆனால் ஐந்து குடித்தனத்துக்கும் அந்த ஒரே கழிப்பறை. இன்னொன்று பதினாலாயிரம். லிஃப்ட் உண்டு என்றார்கள். லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நிற்கும், அங்கிருந்து ஒன்பது படி. "ஒன்பது படிதானே சார்" என்றான் காவலாளி. நகரத்தின் கடைசியில் ஒரு நல்ல வீடு ஏழாயிரத்துக்குக் கிடைத்தது. கடைக்குப் போகவர நாலு மணி நேரம். பன்னிரண்டு மணி நேர வேலையும் சேர்ந்தால் அவள் பொழுதெல்லாம் தனியாகக் கிடப்பாள். ரயில் பாஸ், ஆட்டோ எல்லாம் கூட்டினால் பதினோராயிரம் வந்தது. அவர் சம்பளம் முப்பதாயிரம்.

ஒரு வீட்டில் எல்லாம் பொருந்திவந்தது. வீட்டுக்கார அம்மா கடைசியில் கேட்டாள்.

"எத்தனை பேர்?"

"நானும் என் வீட்டுக்காரம்மாவும்."

"அவங்க வேலைக்குப் போறாங்களா?"

"இல்லம்மா. ஒரு கால் எடுத்திருக்கு. நாற்காலியில இருப்பா."

அவள் முகம் மாறவில்லை. "டைல்ஸ் புதுசு பாருங்க. சக்கரம் ஓட்டினா கோடு விழும்" என்றாள். கோடு விழாத சக்கரம் கிடைக்கும் என்று இவர் சொல்லிக்கொண்டிருந்தபோதே கதவு சாத்திக்கொண்டது.

வீட்டுத் தரகர் ஒருவர் கூடவே அலைந்தார். காதிலிருந்து போனை எடுக்கவே மாட்டார் என்பதால் அவரைக் காதுக்காரர் என்று எல்லோரும் சொல்வார்கள். இவர் ஒவ்வொரு வீட்டிலும் ஜன்னலைப் பார்க்காமல், குழாயைத் திறக்காமல், நேராகக் கழிப்பறைக்குப் போய் டேப்பைப் பிடிப்பதைப் பார்த்து, "ஏண்ணே, வீட்டுக்குச் சட்டை தைக்கப் போறீங்களா?" என்று சிரித்தார். விஷயம் தெரிந்தபிறகு சிரிப்பை நிறுத்திவிட்டார். தரகை மட்டும் குறைக்கவில்லை.

நாற்பத்தோரு வீடு ஆயிற்று. தம்பி சொன்ன இரண்டு மாதம் ஐந்தாகியிருந்தது. தம்பி மகளுக்குப் பிரசவ மாதம் நெருங்கியது; கூடத்துக் கட்டில் வேண்டும். "அத்தான், தப்பா நினைக்காதீங்க. இந்த மாசக் கடைசி" என்றார் தம்பி, தரையைப் பார்த்துக்கொண்டு.

நாற்பத்திரண்டாவது வீடு கடைக்கு அரைமணி தூரத்தில், ஆறாவது மாடி. தெருவிலிருந்து லிஃப்ட்வரை சாய்வுப் பாதை. பதினேழாயிரம் வாடகை, இரண்டாயிரம் பராமரிப்பு, ஆறு மாத அட்வான்ஸ், ஒரு மாதத் தரகு. ஒரு கூடம், ஒரு சமையல் மேடை, ஒரு கழிப்பறை. அவர் அளந்தார், எழுதினார். எழுதியதைப் பார்த்தார்: 26. மனம் நிறைந்துவிட்டது. ஒரு அங்குலம் மிச்சம்! உள்பக்கம் தாழ்ப்பாளை இரண்டு தரம் போட்டுப் பார்த்தார். வழுக்கிக்கொண்டு விழுந்தது.

சேமிப்பெல்லாம் துடைத்து எடுத்தும் குறைந்தது. வீட்டில் வைத்துத் தைத்துக்கொண்டிருந்த சொந்த மெஷினை ஒன்பதாயிரத்துக்குக் கொடுத்துவிட்டார். பதினோரு மாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்.

அந்த ஞாயிறு அவளிடம் சொன்னபோது அவள் முதலில் கேட்டது வாடகை இல்லை.

"கதவு எந்தப் பக்கம் திறக்கும்?"

"வெளிப்பக்கம்."

"தாழ்ப்பாள் எட்டுமா?"

"உக்காந்து பாத்தேன். எட்டும்."

"பிடிச்சுக்கக் கம்பி?"

"போட்டாச்சு. நானே தொங்கிப் பாத்தேன்."

"நீங்க தொங்கினா என்ன, நான்ல தொங்கணும்" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை மாதம் ஆயிற்று என்று அவர் விரல்விட்டு எண்ணினார். அன்றைக்கு அவள் ஒரு செம்பு தண்ணீர் முழுதாகக் குடித்தாள்.

மாதக் கடைசி நாள் வண்டி வைத்து அழைத்துவந்தார்கள். தம்பியும் காதுக்காரரும் கூட இருந்தார்கள். சாய்வுப் பாதையில் அவளே உருட்டினாள். லிஃப்ட்டில் நாற்காலி கொண்டது. வாசல் கதவு அகலம். கூடத்தைச் சுற்றி ஒரு வட்டம் அடித்து, "எலி வளைன்னாலும் தனி வளை" என்றாள். பிறகு, "எல்லாரும் அங்கேயே இருங்க. யாரும் வரவேண்டாம்" என்று கழிப்பறைப் பக்கம் போனாள்.

நாற்காலி கதவு நிலையில் முட்டிய சத்தம் கேட்டது. பின்னால் எடுத்து, நேர் பண்ணி, மறுபடி உருட்டினாள். மறுபடி அதே சத்தம். மூன்றாவது தரம் அவர் ஓடினார். கழுத்தில் எப்போதும் கிடக்கும் டேப்பை எடுத்து நிலைக்கும் நிலைக்கும் பிடித்தார். இருபத்து நாலரை.

"இருபத்தாறுனு எழுதியிருக்கீங்களே அண்ணே?" என்று நோட்டைத் திருப்பிக் காட்டினார் காதுக்காரர்.

அவர் நோட்டைப் பார்த்தார். தன் வலது கையைப் பார்த்தார். ஒன்றரை அங்குலம். முப்பத்தைந்து வருடமாக ஊர் உடம்புக்கெல்லாம் தாராளமாக விட்ட இரண்டு விரலைச் சுவருக்கும் விட்டு எழுதியிருக்கிறார். நோட்டில் இருந்த நாற்பத்திரண்டு கதவுக்கும் அப்படித்தான்.

அவளுக்கு மட்டும் உடனே புரிந்துவிட்டது. அவரோடு அத்தனை வருடம் பட்டன் வைத்தவள் அல்லவா? "விடுங்க" என்றாள். "கை பழக்கம்."

துணி என்றால் ராத்திரியோடு ராத்திரியாகப் பிரித்துவிட்டுவிடுவார். இது இரும்பு நிலை, பக்கத்தில் கான்கிரீட் தூண். சொந்தச் செலவில் இடித்துக் கட்டித்தருகிறேன் என்று வீட்டுக்காரரிடம் போனில் கெஞ்சினார். "தூண்ல கை வச்சா மேலே எட்டு மாடி இருக்கு" என்று வீட்டுக்காரர் போனை வைத்துவிட்டார். அதுவும் நியாயம்தான். குறுகலான நாற்காலி வாடகைக்கு எடுத்துப் பார்த்தார். அவள் உடம்பு அதில் அடங்கவில்லை. சைக்கிள் கடைக்காரர் ஒருவர் சக்கரத்தின் வெளி வளையங்களைக் கழற்றித் தந்தார். நாற்காலி உள்ளே போயிற்று. ஆனால் வளையம் இல்லாமல் அவளால் உருட்ட முடியாது. யாராவது பின்னாலிருந்து தள்ள வேண்டும். அவர் தள்ளினார். உள்ளே விட்டுவிட்டு வெளியே வந்து நின்றால், நாற்காலியைத் தானே திருப்ப அவளால் முடியவில்லை; அதன் பின்பக்கம் இடித்துக் கதவு சாத்தவில்லை.

"நீங்க கடைக்குப் போயிட்டா?" என்று கேட்டாள் அவள். பகலில் வந்துபோக ஒரு பெண்ணை வைக்கலாம் என்றால் எட்டாயிரம் கேட்டாள். வாடகை போக மிச்சம் பதினோராயிரம். அதில்தான் மருந்தும் சாப்பாடும்.

பத்தொன்பது நாள் ஓட்டினார்கள். அவர் காலையில் போய் இரவில் வரும்வரை அவள் தண்ணீரைத் தொடமாட்டாள். சிறுநீரில் தொற்று வந்து காய்ச்சல் எகிறி மறுபடி ஆஸ்பத்திரி. அங்கே டாக்டரம்மா திட்டினாள். அவரைத்தான் திட்டினாள். அவரும் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார்.

ஆஸ்பத்திரியிலிருந்து அவள் அந்த வீட்டுக்குத் திரும்பவில்லை. நகரத்துக்கு வெளியே நோயாளிகளை வைத்துப் பார்க்கும் இல்லம் ஒன்று இருந்தது. மாதம் பதினாறாயிரம். வீட்டை விட்டுவிட்டார். ஒப்பந்தத்துக்கு முன்னால் காலி செய்ததற்கு இரண்டு மாத வாடகை பிடித்துக்கொண்டு மிச்ச அட்வான்ஸைக் கொடுத்தார்கள். அது இல்லத்துக்கு முன்பணமாகப் போயிற்று. காதுக்காரர் தரகைத் திருப்பித் தருகிறேன் என்று சொன்னார். சொன்னதோடு சரி.

அந்த இல்லத்தில் கழிப்பறைக் கதவு முப்பத்தாறு அங்குலம். அவரே அளந்தார். அளந்ததை எழுதவில்லை, வாயால் மட்டும் இரண்டு தரம் சொல்லிக்கொண்டார். நாற்காலி போக இன்னும் பதினோரு அங்குலம் மிச்சம். வளையங்களை மறுபடி மாட்டிய நாற்காலியை அவள் தானாகவே உருட்டிக்கொண்டு உள்ளே போகிறாள். ஆனால் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. உள்ளே யாராவது விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று எல்லாக் கதவிலும் கழற்றி வைத்திருக்கிறார்கள்.

"தட்டிட்டுத்தான் வருவோம்னு சொல்றாங்க" என்றாள் அவள். "ஆனா தட்டிக்கிட்டே வந்துடறாங்க."

அவர் அங்கே இருந்த மேற்பார்வை அம்மாவிடம் போய், தாழ்ப்பாளைத் தானே வாங்கிவந்து தானே போட்டுத்தருகிறேன் என்றார். "ஒருத்தருக்குப் போட்டா எல்லாருக்கும் போடணும்யா" என்றாள் அந்த அம்மா. பையில் வாங்கிவைத்திருந்த தாழ்ப்பாளைக் காட்டாமலே திரும்பிவிட்டார்.

கடையில் அவர் வேலை அப்படியேதான் இருக்கிறது. நோட்டில் இப்போதும் இரண்டு விரல் கூட்டித்தான் எழுதுகிறார். கை சொன்னபடி கேட்பதில்லை என்கிறார்.

இப்போது ரெண்டுவிரல் கடைக்குப் பக்கத்துச் சந்தில், ஆறு பேர் தங்கும் அறையில் இருக்கிறார். மேல் கட்டில் அவருடையது, மாதம் நாலாயிரம். அவர் மனைவி அந்த இல்லத்தில், ஜன்னல் ஓரத்திலிருந்து மூன்றாவது படுக்கையில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை அவர் போய்ப் பார்க்கிறார். அன்றைக்கு ஒரு பொழுது மட்டும் அவள் கழிப்பறைக்குப் போகும்போது, அவர் வெளியே கதவில் முதுகைச் சாய்த்து நின்றுகொள்கிறார்.