எஸ்தரை அங்கே அனுப்பலாமா?

கனடாவில் நான் வேலை செய்யும் கல்லூரியில் பிள்ளைகளின் முகம் எனக்குத் தெரியாது. சாப்பிட்டு முடித்து, தட்டைச் சுவரிலுள்ள ஒரு சின்னத் திறப்பில் வைப்பார்கள். ஓடும் பெல்ட் அதை உள்ளே, தட்டு கழுவும் என்னிடம் கொண்டுவரும். ஒரு நொடி கை மட்டும் தெரியும். போன புதிதில் எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. இப்போது தட்டைப் பார்த்தே பிள்ளையைச் சொல்லிவிடுவேன். ரொட்டியின் ஓரத்தை மட்டும் விடுகிறவன், பழம் மட்டும் தின்கிறவள், எதையும் மிச்சம் வைக்காத நகம் கடித்த கை.

அங்கே போயிருக்கிறவர்களுக்கும் பிள்ளையை அனுப்ப நினைக்கிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. அதனால்தான் தாம்பரம் பக்கத்தில் முடிச்சூரில், அம்மா இல்லாத வீட்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அம்மா போய் இருபத்தாறு நாள் ஆகிறது. அப்பா எப்போதோ போய்விட்டார். நான் எட்டாவதோடு நின்றவள். கல்யாணமாகி, ஓட்டலில் சமையல் செய்யும் என் வீட்டுக்காரரோடு கனடா போனேன். தங்கை எஸ்தர் என்னைவிட ஒன்பது வயது சின்னவள், நன்றாகப் படிப்பாள். நான் தட்டு கழுவும் அதே கல்லூரியில் அவளுக்கு இடம் கிடைத்திருக்கிறது. இந்த வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டியிருந்தது. எனக்கு இனி பிள்ளை என்றால் அவள்தான்.

லிபரல் ஆர்ட்ஸ் என்கிறார்கள். வந்ததும் இதுதான் படிப்பு என்று முடிவு செய்ய வேண்டியதில்லை, கதையும் படிக்கலாம், நட்சத்திரமும் படிக்கலாம். வகுப்புக்குப் பன்னிரண்டு பேர். எல்லாரும் உள்ளேயே தங்க வேண்டும். சர்ச்சில் கணக்கு பார்க்கும் பால் மாமாவிடம் சொன்னேன்.

"எல்லாத்தையும் படிச்சா கடைசில எதுமா ஆவா?"

"தெரியல மாமா."

"சேலையூர் காலேஜ்ல பிகாம் இல்லியா? வூட்டுச் சோறு, ஷேர் ஆட்டோ. சாயங்காலம் வந்துடுவா."

எஸ்தர் சிரித்தாள். "மாமா, உங்க பையன் பிகாம்தானே? இன்னா ஆனான்?"

மாமா எழுந்து போய்விட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் நின்றுவிட்டது. கனடா கல்லூரியின் அறிமுகப் புத்தகத்தில், இங்கே யாரும் தொலைந்துபோக முடியாது, எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும் என்று போட்டிருக்கிறது. அது உண்மையில்லை என்று எனக்குத் தெரியும்.

போன குளிர்காலத்தில் நீல நூல் கட்டிய ஒரு கை வரும். அந்தத் தட்டில் சோறு பரப்பியிருக்கும், மேலே டிஷ்யூ மூடியிருக்கும். தள்ளிப் பார்த்தால் ஒரு வாய்கூடக் குறைந்திருக்காது. ஒரு வாரம் பார்த்தேன். பிறகு என் மேனேஜரிடம், "திஸ் கேர்ள் நாட் ஈட்டிங்" என்றேன். அவர் நல்ல மனிதர். நான் சமையலைக் குறை சொல்கிறேன் என்று நினைத்து, மறுநாள் சூப்பை மாற்றினார். எனக்கு நன்றி வேறு சொன்னார். இல்லை சார், அப்படி இல்லை என்று விளக்க எனக்கு இங்கிலீஷ் போதவில்லை. நான் கூச்சப்பட்டுச் சும்மா இருந்தேன். பத்து நாளில் அந்தக் கை வருவது நின்றது. அடுத்த வாரம் கல்லூரிக் கொடி அரைக்கம்பத்தில் பறந்தது. வாசலில் மெழுகுவத்திகளுக்கு நடுவே ஒரு பெண்ணின் படம் வைத்திருந்தார்கள். அவள் மணிக்கட்டில் நீல நூல் இருந்தது.

அம்மா கேம்ப் ரோட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயாவாக இருந்தவர். மத்தியானம் பிள்ளைகள் டிபன் டப்பாவை மூடியதும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்ப்பார். கனமாக இருந்தால், "யாருதுடா இது? வா இங்க" என்று கூப்பிட்டு, கடைசி வாய்வரை எதிரிலேயே நிற்பார். அவருக்கும் இங்கிலீஷ் தெரியாது. ஆனால் கூச்சமும் கிடையாது.

துக்க வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது என்று எதிர்வீட்டு ராசாத்தி அக்கா இன்னும் சோறு கொண்டுவருகிறார். இந்தச் செவ்வாய்க்கிழமையும் எஸ்தரின் தட்டைப் பார்த்துவிட்டுத்தான் போனார். "சாப்ட்டுச்சு, நீ பயந்துகினே கெடக்காத. தட்டு காலியாத்தான் கீது" என்றார். பின்பக்கக் குழாயடியில் பாத்திரம் தேய்க்கப் போனேன். கவிழ்த்து வைத்திருந்த குண்டானைத் தூக்கினேன். உள்ளே அவ்வளவு சோறும் இருந்தது. அதன் அடியில் முந்தின நாள் சோறு, புளித்துப்போய்.

எஸ்தரைக் கூப்பிட்டேன். அவள் வந்து குண்டானைப் பார்த்தாள், அழவில்லை.

"எத்தினி நாளா?"

"எறங்க மாட்டுது அக்கா."

நீல நூல்காரியைப் பற்றி அன்றுதான் முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னேன். என் வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னதில்லை. "அந்த எடத்துக்கா போறேன்ற? ஒண்ணும் வேணாம், இங்கியே இரு" என்றேன்.

அவள் என் பக்கத்தில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்தாள். "இங்க தெருவே என்னப் பாத்துகினு இருந்துச்சு. எவனுக்காச்சும் தெரிஞ்சுதா? நீதான் தூக்கிப் பாத்த. நீ பத்து நாள்ல போய்டுவ. அப்புறம் யாரு பாப்பா?"

கல்லூரி நல்லதா, அவளுக்குச் சரிவருமா என்று இத்தனை நாள் யோசித்தது எல்லாம் அந்தக் குழாயடியில் கரைந்துபோனது. எந்த இடம் அவளைக் குறைவாகத் தின்னும் என்பது மட்டும்தான் மிஞ்சியது. அங்கே என்றால் அவள் தட்டு என் கைக்கு வரும். முதலில் தாம்பரத்தில் டாக்டரைப் பார்க்கலாம் என்றேன், தலையாட்டினாள். போய்ப் பார்த்தோம். மாத்திரை கொடுத்து, வாரம் ஒருமுறை வரச் சொன்னார். திரும்பும்போது பஸ்ஸில் அரை பன் தின்றாள். நான் அதை முழுக்கப் பார்த்தேன். "இதே மாதிரி அங்கியும் டாக்டர் கிட்ட போவணும். நான் கேட்டா பொய் சொல்லக் கூடாது" என்றேன். "சரி" என்றாள். அந்தச் சரியை நம்பலாமா என்று எனக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை காலை பால் மாமா மகனின் லேப்டாப்பை வாங்கிவந்து, வீட்டிலேயே கல்லூரிப் பாரத்தை நிரப்பினோம். அம்மா பேர் இருக்க வேண்டிய இடத்தில் என் பேரை அடித்தாள். அடுத்த கட்டத்தில் அவள் விரல் நின்றது.

"அக்கா, பெர்மனன்ட் அட்ரஸ் கேக்குறான். எத போட?"

கனடாவில் நாங்கள் இருப்பது இன்னொருவர் வீட்டின் நிலவறை. இந்த வாடகை வீட்டின் வாசலில் ஓனரின் ஆள் நாற்காலி போட்டு ஏறி, டு-லெட் பலகை மாட்டிக்கொண்டிருந்தார். ஆணி அடிக்கும் சத்தம் அடங்கட்டும் என்று காத்திருந்தேன்.

"இதையே போடு" என்றேன்.